ரீத்தா தனியாகத் தீவுக்குப் போன நாள்

ஞாயிறு பூசை முடிந்து காரில் ஏறிய பத்தாவது நிமிடத்தில் ரீத்தாவின் கைப்பை பேசத் தொடங்கியது.

"ஒன்பது மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பேட்டரி அறுபத்து நான்கு சதவீதம்," என்றது ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல்.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் கிளிஃபர்ட் திரும்பிப் பார்த்தார். "யாருலா அது? உன் பேக்குக்குள்ள யாரு?"

ரீத்தா பைக்குள் கையை விட்டாள். ஜெபப் புத்தகத்துக்கும் தண்ணீர் போத்தலுக்கும் நடுவில் போன் நசுங்கிக் கிடந்தது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கும் இரண்டு பொத்தான்களும் ஒன்றாக அழுந்தியிருந்தன. அவள் விரல் திரையில் பட்டதும், "மெசேஜ். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு," என்றது அந்தக் குரல்.

"கெட்டுப் போச்சு. நாளைக்குக் கடையில குடுத்துச் சரி பண்ணிடுறேன்," என்றார் கிளிஃபர்ட்.

"தொடாதீங்க," என்றாள் ரீத்தா. "யாரும் தொடாதீங்க."

அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடம் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தவள். ஆயிரம் பிள்ளைகளின் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவளுக்கு விழித்திரையில் நோய் வந்தது. முதலில் ஓரங்கள் மறைந்தன. காகிதக் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் உலகம் சுருங்கியது. பிறகு குழாயும் அடைத்துக்கொண்டது. நாற்பத்தொன்பதில் வேலையை விட்டாள். அதன் பிறகு நான்கு வருடமாக வீட்டுக் கேட்டைத் தனியாகத் தாண்டியதில்லை.

கிளிஃபர்ட் அன்பான மனிதர். பட்டர்வொர்த் கண்டெய்னர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெரிய இரும்புப் பெட்டிகளை அங்குலம் பிசகாமல் இறக்கி வைத்துப் பழகியவர், வீட்டையும் அப்படியே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். மஞ்சள் தூள் டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம், மிளகாய்த் தூளுக்கு இரண்டு, மல்லிக்கு மூன்று. காய்கறி வாங்கப் பசாருக்கும் அவரே போவார். போனில் வரும் செய்திகளையும் அவரே படித்துச் சொல்வார். தன் பழைய போனை அவளுக்குக் கொடுத்தது, அழைத்தால் எடுப்பதற்கு மட்டும்தான்.

அந்த ஞாயிறு மத்தியானம் ரீத்தா சமைக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பொத்தான்கள் சேர்ந்து அழுந்தியதில், பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் வசதி தானாகத் திறந்திருந்தது. விரல் எதில் படுகிறதோ அதன் பெயரைப் போன் சொன்னது. இரண்டு முறை தட்டினால் அது திறந்தது. வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததற்குப் போனது. தெருப் பெயர்களில் வரும் 'ஜாலான்' என்பதை அந்த வெள்ளைக்காரக் குரல் 'ஜேலன்' என்று படித்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று மணிக்குள் தமிழ்க் குரலை எங்கே மாற்றுவது என்று கண்டுபிடித்துவிட்டாள். அதன் பிறகு அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகளையும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தாள்.

கல்யாண அழைப்புகள், காலை வணக்கங்கள், ஜெபக் குழுவின் அறிவிப்புகள். அவற்றுக்கு நடுவே நட்டாலி அனுப்பிய ஒன்று வந்தது. அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் நட்டாலி. இருபது வருடம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ஓய்வுக்குப் பிறகு பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் பக்கம் புலாவ் தீக்குஸில் அக்காவின் வீட்டில் இருந்தாள்.

"ரீத்தா, முட்டி ஆப்பரேஷன் முடிஞ்சிருச்சு. வெளிய எங்கயும் போக முடியல. ரொம்ப போரா இருக்கு. நீ வந்தா நல்லா இருக்கும். ஆனா உன்னால வர முடியாதுன்னு எனக்குத் தெரியும்லா."

போனின் தமிழ்க் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. அதனாலேயே கடைசி வரி அவளுக்கு நேராகக் குத்தியது.

"இதை ஏங்க எனக்குப் படிச்சுக் காட்டல?" என்று கேட்டாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன்," என்றார் கிளிஃபர்ட்.

அவள் கோபப்படவில்லை. அவளுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களில் ரீத்தா தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக, புதிதாக என்ன செயலி இருக்கிறது என்று தேடினாள். போனிடம் வாயால் கேட்டாலே தேடித் தந்தது. முதலில் அகப்பட்டது, கேமராவைக் காட்டினால் எழுத்தைப் படித்துச் சொல்லும் ஒன்று. சமையலறை அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு டப்பாவாகக் காட்டினாள். சார்டின். பால் மாவு. மீ சூப். தக்காளிச் சாஸ் போத்தலைத் திருப்பித் திருப்பிக் காட்டியபோது அது தேதியையும் சொன்னது.

"என்னங்க! இந்தச் சாஸ் தேதி முடிஞ்சு ஒன்றரை வருஷமாச்சு!"

"நேத்துதான ஊத்திச் சாப்பிட்டேன்," என்றார் கிளிஃபர்ட், வயிற்றைத் தடவிக்கொண்டு.

அன்றே எல்லா ரப்பர் வளையங்களையும் கழற்றி ஒரு பையில் போட்டாள்.

பிறகு நிறம் சொல்லும் செயலி வந்தது. நான்கு வருடமாக நீலம் என்று நினைத்துப் பூசைக்கு உடுத்திய சேலை அடர்பச்சை என்று தெரிந்தது. பண நோட்டைக் காட்டினால் "பத்து வெள்ளி" என்றது ஒன்று. பஸ் எங்கே வருகிறது, எத்தனை நிமிடத்தில் வரும் என்றது இன்னொன்று. ரயில் டிக்கெட்டை உட்கார்ந்த இடத்தில் எடுக்க முடிந்தது. வரைபடம் நடக்கும்போதே, "ஐம்பது மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்," என்று காதுக்குள் சொன்னது. எல்லாவற்றிலும் அவளை அதிசயப்பட வைத்தது, பார்வை இருப்பவர்களை வீடியோவில் கூப்பிடும் செயலி. பொத்தானை அழுத்தினால் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் எடுப்பார். நம் கேமரா வழியாகப் பார்த்து, நமக்கு வேண்டியதைச் சொல்வார். காசு இல்லை. தமிழும் உண்டு.

"முன்னபின்ன தெரியாத ஆளுங்க எதுக்கு இதெல்லாம் செய்யறாங்க?" என்று கிளிஃபர்ட் சந்தேகமாகக் கேட்டார்.

"தெரியலங்க. ஆனா செய்யறாங்க!" என்றாள் ரீத்தா. அவள் குரலைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குரலை அவர் கேட்டு வெகுநாளாயிற்று.

வெள்ளைக்கோல் ஒன்று கதவுக்குப் பின்னால் மடக்கிக் கிடந்தது. பார்வையற்றோர் சங்கத்திலிருந்து வந்து மூன்று வகுப்பு சொல்லிக் கொடுத்தும், அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. இப்போது எடுத்தாள். முதல் வாரம் தாங்கள் குடியிருந்த தாமானைச் சுற்றி நடந்தாள். இரண்டாம் வாரம் பசார் வரை. மூன்றாம் வாரம் ரயில் நிலையம் வரை போய், பிளாட்பாரத்தில் நின்று ஒரு ரயில் வருவதையும் போவதையும் கேட்டுவிட்டு வீடு திரும்பினாள்.

அன்று சாயங்காலம், "வியாழக்கிழமை நான் நட்டாலி வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"நான் லீவு போடுறேன். நானே கெரேத்தா ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க கூட்டிட்டுப் போனா, நான் போனதா ஆகாது."

கிளிஃபர்ட் வெகுநேரம் வாதாடினார். கடைசியில் ஓர் உடன்பாடு. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருடைய போனில் ஒரு புள்ளி காட்டும். அவர் ஓய்வு நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கூப்பிடக் கூடாது.

வியாழன் காலை ரீத்தா புக்கிட் மெர்தாஜாமில் ரயில் ஏறினாள். அடர்பச்சை என்று தெரிந்தே அந்தச் சேலையை உடுத்தியிருந்தாள். பட்டர்வொர்த்தில் இறங்கி, கோலைத் தட்டிக்கொண்டு கூட்டத்தின் காலடிச் சத்தத்தோடு படகுத்துறைக்கு நடந்தாள். போன் ஒவ்வொரு திருப்பத்தையும் சொன்னது. ஃபெரியில் ஒரு மலாய்ப் பெண், "சினி, காக்," என்று இருக்கையைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்ததும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. எஞ்சின் அதிர்வு காலடியில் ஏறியது.

பாதி வழியில் போன் அடித்தது.

"ரீத்தா! நீ எங்க இருக்க? புள்ளி கடல் நடுவுல நிக்குதுலா!"

"ஃபெரி கடல்லதாங்க போகும்."

அவருக்குப் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. "சரி, சரி. பார்த்துப் போ," என்று வைத்துவிட்டார் கிளிஃபர்ட். ரீத்தா தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பக்கத்துப் பெண் என்னவென்று கேட்க, மலாயில் சொன்னாள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அக்கரை ஜெட்டியில் இறங்கியதும், நூற்றொன்றாம் எண் பஸ் நான்கு நிமிடத்தில் வரும் என்றது போன். நான்காவது நிமிடம் வந்து நின்றது. ரீத்தாவுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. பஸ் போகப் போக ஒவ்வொரு நிறுத்தத்தையும் காதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். எங்கோ காப்பித்தூள் வறுக்கும் வாசனை, ஒரு திருப்பத்தில் ஊதுவத்திப் புகை, வெயிலில் காய்ந்த சாக்கடை நாற்றம். ஜார்ஜ் டவுன் அப்படியேதான் இருந்தது. சரியான நிறுத்தத்தில் மணியை அழுத்தி இறங்கினாள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கோல் மண்ணில் குத்தி நின்றது. சுற்றிப் போனாள். மறுபடி மண். எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறோம் என்பது குழம்பிவிட்டது. போன், "நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்," என்றது. கை நீட்டினால் கேட் இல்லை, வெறும் காற்று. மோட்டார் சைக்கிள்கள் மிக அருகில் பறந்தன. கிளிஃபர்ட்டைக் கூப்பிட விரல் போனது. வேண்டாம் என்று நிறுத்தினாள். வீடியோ செயலியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். "வணக்கம்கா, என் பேரு காமினி. நான் சிரம்பான்ல இருக்கேன். என்ன பார்க்கணும்?"

"வணக்கம்மா. நான் பினாங்குல ஒரு ரோட்டோரத்துல நிக்கிறேன். இருபத்தேழாம் நம்பர் வீடு வேணும். நீ எங்கம்மா இருக்க, சத்தமா இருக்கே?"

"பல் டாக்டர் கிளினிக்ல காத்துக்கிட்டு இருக்கேன்கா. கூப்பிட இன்னும் நேரம் இருக்கு, கவலைப்படாதீங்க. போனை நெஞ்சுக்கு நேரா பிடிங்க. மெதுவா இடப்பக்கம் திரும்புங்க... இன்னும் கொஞ்சம்... நில்லுங்க! நீங்க இவ்வளவு நேரம் ரோட்டைப் பார்த்து நின்னிருக்கீங்க. வீடெல்லாம் உங்க முதுகுப் பக்கம் இருந்துச்சு."

ரீத்தாவுக்கு மூச்சு வந்தது.

"இப்ப நேரா நடங்க. ஒரு பலகை போட்டிருக்கு, அது மேல ஏறுங்க. நல்லது. இடப்பக்கம் இருபத்து மூணு. இருபத்தஞ்சு. அடுத்தது... அக்கா, கேட்டுல ஒருத்தங்க நிக்கறாங்க."

"யாரு?"

"தெரியல. மஞ்சள் பூப்போட்ட கவுன். கையில வாக்கிங் ஸ்டிக். பூவுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாங்க போல. பைப்பைக் கீழ போட்டுட்டாங்க. வாயைப் பொத்திக்கிட்டு உங்களையே பார்க்கறாங்க. அக்கா, அவங்க அழறாங்க!"

"நட்டாலி!" என்று கத்தினாள் ரீத்தா.

"ரீத்தா? ஏய், நீயா? யாரு கூட வந்த? கிளிஃபர்ட் எங்க?"

"யாரும் இல்லடி! நானேதான் வந்தேன்!"

இரண்டு பேரும் இரண்டு கோல்களோடு கேட்டருகே கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். திறந்திருந்த குழாய்த் தண்ணீர் ரீத்தாவின் செருப்பை நனைத்தது. போனிலிருந்து கைதட்டும் சத்தம் வந்தது. "அக்கா, இங்க எல்லாரும் எட்டிப் பார்க்கறாங்க. நர்ஸும் அழறாங்க. டாக்டர் என்னைக் கூப்பிட்டுட்டாங்க, நான் வரேன்!" என்று காமினி வைத்துவிட்டாள்.

அன்று இருவரும் நான்கு மணி நேரம் பேசினார்கள். பள்ளியில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்தத் தலைமையாசிரியர் மேசைக்கடியில் தூங்கினார் என்பதிலிருந்து முட்டி வலி வரை. நட்டாலி பொரித்த மீனுக்கு முள் எடுத்துத் தர வந்தபோது ரீத்தா தட்டை இழுத்துக்கொண்டாள். புறப்படும்போது நட்டாலி, "அந்த மெசேஜ்ல நான் அப்படி எழுதியிருக்கக் கூடாதுலா," என்றாள்.

"அப்படி எழுதலன்னா வந்திருப்பேனா?" என்றாள் ரீத்தா.

சாயங்கால ஃபெரி பட்டர்வொர்த் கரையைத் தொட்டபோது கிளிஃபர்ட் வேலை உடையோடு துறையில் நின்றார். கோல் தட்டும் சத்தத்தோடு அவள் கூட்டத்தில் வருவதைப் பார்த்தும் அவர் ஓடிப் போய்க் கையைப் பிடிக்கவில்லை. அவள் பக்கத்தில் வரும்வரை அசையாமல் நின்றார்.

"வந்துட்டியா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"வந்துட்டேன். பசிக்குது."

இது போன வருடம் நடந்தது. ரீத்தாவின் பயணம் ஜெபக் குழுவில் பரவி, பிறகு வெளியேயும் பரவியது. தாசேக் கெலுகோரிலிருந்து நல்லம்மாள் என்ற பார்வையற்ற பெண் ஒருத்தி கூப்பிட்டு, "எனக்கும் அந்தப் பொத்தானைச் சொல்லித் தாங்கக்கா," என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னும் ஐந்து பேர். ரீத்தா பள்ளி அலுவலகத்தில் இருந்தபோது போலவே எல்லாருடைய விவரத்தையும் வரிசையாகப் பதிந்து வைத்து, வாரம் ஒரு நாள் போனிலேயே வகுப்பு நடத்தினாள்.

சென்ற மாதம் ஏழு பேரும் தாய்லாந்து எல்லையிலிருக்கும் பாடாங் பெசார் வரை ரயிலில் போனார்கள். ஒரே பெட்டியில் ஏழு போன்கள். ஒன்று தமிழில், ஒன்று மலாயில், ஒன்று ஆங்கிலத்தில் என்று எல்லாம் ஒரே நேரத்தில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொன்னபோது, டிக்கெட் பார்க்க வந்தவர் திகைத்து நின்றுவிட்டார்.

"உங்கள்ல யாருக்கு வழி தெரியும்?" என்று மலாயில் கேட்டார்.

"எல்லாருக்கும்," என்றார்கள் ஏழு பேரும்.