பம்ப் சிஸ்டர்

அத்தானின் பலவீனமான இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் பேட்டரியில் ஓடும் பம்ப் வைத்த பிறகு அக்காவுக்குச் சக்களத்தி வந்துவிட்டாள். அக்கா அப்படித்தான் சொல்வாள். பம்ப் வைத்தவர்களைக் கவனிக்கிற ஆஸ்பத்திரி நர்ஸைத்தான் சொல்கிறாள். அந்த சிஸ்டர் தினமும் காலையில் போன் செய்து, பம்ப்போடு இணைத்த மிஷின் காட்டுகிற எண்களைக் கேட்பாள். நாலு எண்ணைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அத்தான் மாடிப்படியில் உட்கார்ந்து குழைந்து குழைந்து பேசுவார். கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டை தைத்துவிட்டு வந்து, அவருடைய பேட்டரிக்குப் பை வைத்த பனியன் தைத்துக் கொடுத்தவள் அக்கா. அவளுக்குக் கிடைப்பது, "ம், நல்லாத்தான் இருக்கேன்." வயிறு எரியாதா?

"அவகூடப் பேசும்போது மட்டும் வாயெல்லாம் பல்லு" என்று என்னிடம் வந்து பொருமுவாள். தங்கச்சியாகப் பிறந்தால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

அன்று அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து மண்டையை இடித்துக்கொண்டார். பம்ப்பில் ரத்தம் கட்டிவிடாமலிருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். விழுந்தால் உடனே சிஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. போனை எடுத்தார். அக்கா வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஒரு புடைப்புக்கும் அவதானா? ஐஸ் வைக்க எனக்குத் தெரியாதா?"

மதியம் அவருக்கு நாக்குக் குழறியது. அக்காவே அலறியடித்து சிஸ்டருக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "மாத்திரையோட வேலையை முறிக்க ஊசி போடணும்மா. போட்டா பம்ப்புல ரத்தம் கட்டி அது நின்னுடலாம். போடலேன்னா கசிவு நிக்காது. நீங்கதான் சொல்லணும்."

அக்கா டாக்டரைப் பார்க்கவில்லை. சிஸ்டரைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரா இருந்தா?"

"போடச் சொல்லுவேன்க்கா."

போட்டார்கள். பம்ப்பில் ரத்தம் கட்டினால் மிஷினில் எண் ஏறும். அக்காவுக்கு மிஷினைப் பார்க்கத் தைரியமில்லை. சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எண் ஏறவில்லை. மறுநாள் ஸ்கேனில் கசிவும் நின்றிருந்தது.

அத்தான் கண் திறந்தபோது சிஸ்டர்தான் குனிந்து நின்றாள். அக்கா தலைமாட்டில், அவர் கண்ணில் படாத இடத்தில் நின்றாள்.

"சிஸ்டர், தலை உயிர் போற மாதிரி வலிக்குது" என்றார் மெல்ல. "அவகிட்ட சொல்லிடாதீங்க. எப்பவும் போல நல்லா இருக்கேன்னே சொல்லிடுங்க. பயந்துடுவா."

சிஸ்டர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"இதையும் அவகிட்டதான் சொல்லணுமா?" என்று அவர் முன்னால் வந்து நின்றாள். "எங்க வலிக்குது? என்கிட்ட சொல்லுங்க."