நாலே நாலு போல்ட்டு

வண்டியைக் காலியாகக் கொடுக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் நம்பிராஜன் அண்ணாச்சி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மேலகரத்து வீட்டு வாசலில் சாரலில் நனைந்துகொண்டிருந்த அந்த வெள்ளை வேனுக்குள், ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் டாக்டர் ஜெயசித்ரா கால் வைத்தாள். கணவன் சுந்தரபாண்டியன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச்சேர்ந்த பிறகு அதன் கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. திறக்காத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? விற்றுவிடுகிறேன் என்று அவளேதான் அவருக்குச் சொல்லி அனுப்பினாள்.

சுந்தரபாண்டியன் அவளுக்கு அத்தை மகன். டிப்ளமோ முடித்துவிட்டு, காய்கறிக் குளிர்கிடங்கு ஒன்றில் பதினைந்து வருஷம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன். அவள் தோல் மருத்துவம் படித்துத் தென்காசியில் ஒரு மாடியில் கிளினிக் போட்டாள். நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி, ஒட்டிப்போன கன்னத்துக்கு ஊசி. இரண்டே வருஷத்தில் மூடும்படி ஆயிற்று. ஊரில் ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மாடிப்படியில் ஏறுவதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? பல் வலி என்று எத்தனை தடவைதான் பொய் சொல்ல முடியும்?

"படியேற வெக்கப்படுதாவன்னா நாம அவுக வாசலுக்குப் போவோம்" என்றான் அவன்.

பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி வந்து மஞ்சளை வெள்ளையாக்கினான். ஜன்னல் கண்ணாடியில் ஏதோ பிள்ளை ஒட்டிய வாத்துப் படத்தை மட்டும் சுரண்டவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவள் என்பதால், வேலை தொடங்குமுன் ஜெயசித்ரா ஒரு நிபந்தனை போட்டாள்.

"எதையும் ஒரேயடியா மாட்டிப்பிடாதீங்க அத்தான். இதுவும் தோத்துப்போனா வண்டியாவது வண்டியா மிஞ்சணும்."

"அதுக்கென்னட்டி? எல்லாம் போல்ட்டுதான். கழத்திப்போட்டா திரும்பப் பள்ளிக்கூட வேன்."

முதலில் குளிர்ப்பெட்டி வந்தது. ஊசி மருந்து இரண்டு டிகிரிக்குக் கீழேயும் போகக் கூடாது, எட்டுக்கு மேலேயும் போகக் கூடாது. அதற்குத் தனி பேட்டரி, சூடு ஏறினால் கத்தும் மணி. "கத்தரிக்காய்க்குப் பத்து டிகிரி, உன் மருந்துக்கு அஞ்சு. அவ்வளவுதானே வித்தியாசம்" என்பான். அவள் நிமிஷத்துக்கொருமுறை பெட்டியைத் திறந்து பார்த்தால், "சும்மா சும்மா தொறக்காதட்டி, அதுக்கும் கூச்சம் இருக்கும்லா" என்று மூடுவான். பிறகு பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, குத்தி முடித்த ஊசிகளைப் போட வெள்ளை டப்பா, கெட்டித் துணியில் திரை. ஆபத்துக்கான மருந்துகளுக்கு ஒரு சிவப்புப் பெட்டி. "ஒருநாளும் எடுக்காத பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு இடம்?" என்று கேட்டான். "எடுக்க வேண்டி வரக் கூடாதுன்னுதான்" என்றாள்.

கடைசியாக நாற்காலி. தென்காசியில் மூடிப்போன சலூனிலிருந்து கொண்டுவந்தான்.

"ஊசி போட வந்தோமா முடிவெட்ட வந்தோமான்னு கேக்கப் போறாவ."

"தலையச் சாய்க்க இதைவிட எது இருக்கு? நாலே நாலு போல்ட்டு. பிடிக்கலைன்னா சொல்லு, அன்னைக்கே கழத்திருதேன்."

வண்டியில் பெயர் எழுதவில்லை. எழுதினால் ஒருத்தரும் ஏறமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. அதனால் இலவசக் கண் பரிசோதனை என்று நினைத்து ஏறிய பெரியவர்களும் உண்டு. கடையநல்லூரில் ரிஃபாத் முதல் ஆளாக ஏறினாள். துபாயிலிருந்து வீட்டுக்காரர் வருவதற்குள் நெற்றிக்கோடு போக வேண்டும் அவளுக்கு. அவள் சொல்லித் தெருவே வந்தது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் மனைவி, ஊசி போட்ட அன்று சாயங்காலமே தலை நிறைய எண்ணெய் தேய்த்துப் பேரருவியில் போய் நின்றாள். மருந்து பரவி இமை ஒன்று கீழே இறங்கிவிட்டது; அது சரியாவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இமை இறங்கியது தெரிந்த மறுநாளே சுந்தரபாண்டியன் வண்டிக்குள் எழுதி ஒட்டினான்: 'ஊசி போட்டவர்கள் டாக்டர் சொல்லும் வரை அருவிப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது.'

அந்தத் தாள் ஓரம் சுருண்டு இப்போதும் அங்கேயே இருந்தது.

மெக்கானிக் மாரிராஜ் ஒவ்வொன்றாகக் கழற்றினான். சுந்தரபாண்டியனை அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவன். திரை, விளக்கு, குளிர்ப்பெட்டி எல்லாம் சொன்னபடி கழன்று கூடத்துக்குப் போயின. நாற்காலியின் அடியில் ஸ்பேனரைப் போட்டவன் வெகுநேரம் முக்கினான். பிறகு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"மதினி, இது போல்ட்டே இல்ல. வெறும் கொண்டைய மட்டும் மேல ஒட்டி வச்சிருக்காவ. நாற்காலிய அடித்தகட்டோட சேத்து வெல்டிங் அடிச்சிருக்கு."

"யாரு அடிச்சா?"

"அண்ணன்தான். வீட்டுக் கேட்டுக்கு ஒட்டணும்னு எங்கிட்டேருந்து மிஷினை வாங்கிட்டுப் போனாவளே! நாற்காலி வந்த வாரம், நீங்க செங்கோட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப."

ஜெயசித்ரா குனிந்து பார்த்தாள். வெல்டிங் அவனுக்கு வராத வேலை. மேடும் பள்ளமுமாகத் தழும்பு போல ஓடியிருந்தது. ஒரு முகத்தில் இப்படி இருந்தால் நிரவிவிடச் சொல்லி அவளிடம் வருவார்கள். விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். தோற்றுப்போனால் என்று அவள் பயந்து பயந்து கேட்டபோதெல்லாம் நாலே நாலு போல்ட்டு, நாலே நாலு போல்ட்டு என்று முகம் மாறாமல் சொன்னவன். வண்டி முதல் வாடிக்கையாளரைப் பார்க்கும் முன்பே, கழற்றவே முடியாதபடி இதைச் செய்திருக்கிறான்.

அதற்குள் நம்பிராஜன் குடையை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இதுக்கா மலைக்கிதிய? கட்டிங் மிஷின் கொண்டாரச் சொல்லுதேன். அஞ்சு நிமிசம்."

"வெட்ட வேண்டாம் அண்ணாச்சி."

"பெறகு? நாற்காலியோட கொண்டுபோயி நான் என்ன கத்தரிக்காய்க்குச் சவரமா பண்ணப் போறேன்?"

"வண்டியக் கொடுக்கல அண்ணாச்சி. மனசுல வச்சிக்கிடாதீய."

நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "பாண்டியன் கிடங்குல இருக்கும்போதும் இதே சோலிதான். ரெண்டு நாளைக்குன்னு சொல்லி ஒரு கம்ப்ரசர மாட்டுனான். இன்னைக்கும் அதுதான் ஓடுது." குடையை விரித்தவர் திரும்பினார். "வந்ததுக்கு என் நெத்தியிலயாவது ஒரு ஊசி போடுவியளா?"

"போடுதேன். பெறகு மண்டியில யாரைக் கோவிச்சாலும் முகத்துல தெரியாது, பரவால்லையா?"

"அய்யய்யோ, பொழப்புப் போயிருமே!" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மாரிராஜ் குளிர்ப்பெட்டியைத் தூக்கி வந்து பழைய இடத்தில் மாட்டினான். பேட்டரி செத்துப்போயிருந்ததால் வீட்டிலிருந்து வயர் இழுத்தார்கள். பெட்டி ஒரு உலுக்கு உலுக்கி உறுமத் தொடங்கியது. ஜெயசித்ரா நாற்காலியில் தலையைச் சாய்த்து, மூன்று மாதமாகப் பதில் சொல்லாமல் வைத்திருந்த ரிஃபாத்தின் செய்திக்கு, "வியாழக்கிழமை வருதேன்" என்று எழுதினாள்.

இருபத்தேழு என்றது பெட்டியின் எண். பிறகு இருபத்தைந்து. கை பெட்டிக் கதவின் பிடிவரை போயிற்று. திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, அது ஐந்துக்கு இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.