ஸ்டோருக்குள் காயவைத்த கருவாடு

வத்தளையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றே கொழும்பு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தலாம். அப்படி வளர்ந்தவளை மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டீமேக்கருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். டீமேக்கர் என்றால் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர். தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே எங்கள் குவாட்டர்ஸ். வந்த முதல் வாரமே அவரிடம் சொல்லிவிட்டேன், ஒரு வருடம்தான் இருப்பேன், அதற்குள் கொழும்பில் வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று. கோபம் எனக்கு மூக்கின் மேல் இருந்த வயது. அவர் சரி என்று மட்டும் சொன்னார்.

மழை என்றால் அப்படியொரு மழை. துணி காயாது, உப்பு நீராகிவிடும், தீக்குச்சி பற்றாது. எல்லாவற்றுக்கும் அவரையே திட்டினேன், மழையை அவர்தான் வரவழைத்ததுபோல.

எட்டாவது மாதம் அம்மா ஒரு பார்சல் கருவாடு அனுப்பியிருந்தார். நாலே நாளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வெயிலோ எட்டிப் பார்க்கவில்லை. அவர் மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், கருவாட்டைச் சுளகில் பரப்பி ஸ்டோருக்கு எடுத்துப் போனேன். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் சூடான காற்று வீசும். ஒரு மூலையில் வைத்துவிட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு திரும்பினேன்.

பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் தேயிலை இழுத்துக்கொள்ளும். டீமேக்கர் பெண்டாட்டிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? மறுநாள் காலை தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை வழக்கம்போல் முதல்நாள் தேயிலையை ருசி பார்த்திருக்கிறார். வாயில் வைத்ததும் துப்பிவிட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கருவாட்டை எங்கே மறைப்பது? தேடிப் போனதும் சுளகு அகப்பட்டுவிட்டது. என் வீட்டுக்காரர், அதைத் தானே வைத்ததாகச் சொல்லிவிட்டார். பின்னேரம் பங்களாவுக்கு வரும்படி உத்தரவு. வேலை போய்விடும் என்று ஸ்டோர் முழுக்கப் பேச்சு.

கோட்டை மாட்டிக்கொள்ள வீட்டுக்கு வந்தவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "போகச் சொன்னா கொழும்புக்கே போயிருவோம். நீ கேட்டதுதானே" என்றார். குத்திக்காட்டவில்லை, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

அவர் போனதும், மூட்டை கட்டப் பாத்திரங்களை அலமாரித் தட்டிலிருந்து இறக்க ஆரம்பித்தேன். அப்போது, தினமும் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குத் திரும்பும் வழியில் என் அடுப்படியில் நின்று சாயத்தண்ணி என்று பாலில்லாத் தேநீர் குடிக்கும் அக்கா வந்தார். என் பட்டணத்துச் சமையலைக் கேலி செய்யாமல் ஒருநாளும் போகமாட்டார். அன்றைக்குக் கையில் முளைவிட்ட சவ்சவ் காய். விஷயம் இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை.

"மழ விடுறதுக்குள்ள நட்டுருங்கம்மா. ஆறு மாசத்துல காய்ச்சிரும்" என்றார்.

நட்டோம். அவர் குழி தோண்ட, நான் காயை வைத்து மண்ணைத் தள்ளினேன். ஆறு மாதத்தில் இது காய்க்கும்போது இந்த அடுப்படியில் யாரோ ஒருத்தி நிற்பாள், இந்த அக்கா அவளுடன் சிரித்துப் பேசுவார் என்று நினைத்தேன். எனக்கு அவள்மேல் பொறாமை வந்தது. பனி உள்ளே வரட்டும் என்று நானே ஜன்னலைத் திறந்து வைக்கத் தொடங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. ஸ்டோர் மெஷின் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். இவ்வளவு நாளும் இங்கே சந்தோஷமாக இருந்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை.

இருட்டும் நேரத்தில் அவர் திரும்பினார். செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, தொரை நன்றாகத் திட்டிவிட்டு இந்த ஒரு தடவை மன்னித்துவிட்டார் என்றார். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பாவம், அவர் பயந்துபோனார்.

"அழுவாத புள்ள. அடுத்த வருசத்துக்குள்ள எப்பிடியாச்சும் கொழும்புல ஒரு வேல பாத்துர்றேன்" என்றார்.

"இனி இங்கயே இருக்கலாமேன்னுதாங்க அழுவுறேன்" என்றேன்.