கொடை முடிந்து வந்த மொட்டைத் தலைகள்

மழையில் நனைந்த பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால் எல்லாருக்கும் டீசல் வாசனை வரும். எனக்குச் சந்தன வாசனை வரும்... காரணம், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் நான் காத்துக் கிடந்த ஒரு ஜூன் மாதக் காலை.

அப்போது நான் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தினக்கூலி டீச்சர். தமிழ் மீடியம், மூன்றாம் வகுப்பு. சாலையில் மூட்டை தூக்குகிறவர்கள், கரமனையில் கட்டட வேலை செய்கிறவர்கள், ஓட்டலில் மாவாட்டுகிறவர்கள்... இவர்கள் பிள்ளைகள்தான் என் வகுப்பு.

எங்கள் ஊரில் பள்ளி திறந்ததும் ஒரு நாள் அதிகாரி வந்து தலை எண்ணுவார். ரெஜிஸ்டரில் பேர் இருந்தால் போதாது, ஆள் பெஞ்சில் இருக்க வேண்டும். குறைந்தால் அந்த வகுப்பை மூடி, பிள்ளைகளை மலையாள வகுப்பில் சேர்த்துவிடுவார்கள். முந்தைய வருஷம் இன்னொரு பள்ளியில் அதுதான் நடந்தது. கடைசி பெஞ்சில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரத்தில்தான் திருநெல்வேலிப் பக்கம் ஊர்க் கொடை, அம்மன் கோயில் திருவிழா. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த ஒரே ஊர்தான், குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களிடம் போய் அதிகாரி வருகிறார் என்றால் எடுபடுமா?

எண்ணுவதற்கு முந்தைய நாள் பாதி வகுப்பு காலி. ஹெச்.எம். மலையாளி, நல்ல மனுஷி. "டீச்சரே, நாளைக்கு ஆளு குறைஞ்சா எனக்கு ஒண்ணும் செய்ய ஒக்காது, கேட்டோ" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பள்ளி விட்டதும் நேரே கரமனைக்குப் போனேன். என் வகுப்பு இசக்கியின் அப்பா அங்கே ஒரு கட்டடத்தில் காவலுக்கு இருந்தார். அவரிடம் ஊர் மளிகைக்கடை நம்பரை வாங்கி, பூத்திலிருந்து கூப்பிட்டேன். கடைக்காரர் ஆளனுப்பி இசக்கியின் அம்மாவை வரவழைத்தார்.

நாளைக்குப் பிள்ளைகள் வராவிட்டால் வகுப்பே இருக்காது என்று சொன்னேன். அந்தப் பக்கம் மேளச் சத்தத்துக்கு மேலே அவர் கத்திச் சொன்னார்.

"பொங்கச் சோறு கூட ஆறல டீச்சர்... செரி, எல்லாப் பிள்ளையளையும் கூட்டிட்டு வாரேன். நீங்க பஸ்டாண்டுல நில்லுங்க."

நின்றேன். விடிந்ததும் வந்த நாகர்கோவில் பஸ்ஸில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பிறகு இன்னொன்று வந்தது... உள்ளேயிருந்து வரிசையாக மொட்டைத் தலைகள். பையன், பெண் வித்தியாசமில்லாமல், சந்தனம் பூசிய மொட்டைகள்!

சாலை வழியாக ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப் போனேன். பள்ளிக் குழாயடியில் முகம் கழுவவைத்து உட்காரவைத்தேன். அதிகாரி வந்து பார்த்தார், சிரித்துவிட்டார். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணிவிடுவேனோ என்று, ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேர் கேட்டார். இசக்கி பேரோடு வகுப்பையும் சேர்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். வகுப்பு தப்பித்தது. ஸ்டாஃப் ரூமில் போய் நான் அழுதேன்.

இப்போது அதே பள்ளியில் நிரந்தர டீச்சர். வகுப்பில் புரொஜெக்டர் இருக்கிறது, கணக்கெல்லாம் ஆன்லைன். பிள்ளைகள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெற்றோருக்கு இங்கிலீஷ் மீடியம் வேண்டும், அதைக் குறை சொல்லவும் முடியாது. தலை எண்ணும் நாள் மாறவில்லை, கொடையும் மாறவில்லை.

இந்த ஜூனிலும் தம்பானூரில் போய் நின்றேன். அன்றைக்கு எந்த பஸ் என்று தெரியாமல் நின்றேன், இந்தத் தடவை போன் வந்தது. சாலையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற இசக்கி. அவள் மகள் இப்போது என் வகுப்பில்.

"டீச்சர், பாலராமபுரம் தாண்டியாச்சு. மவ உறங்குதா, எழுப்பிக் கூட்டியாறேன். நான் படிச்ச கிளாஸு... மூட விட்டுராதீங்க."

விடமாட்டேன் என்றேன்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் ஒரு சின்ன மொட்டைத் தலை. தூக்கி இறக்கினேன்... சந்தனம் என் சேலையெல்லாம் ஒட்டிக்கொண்டது. துடைக்காமல் அப்படியே வகுப்புக்குப் போனேன்.