முதல் தரப் பிரதிகள்

கூரியரில் வரும் பார்சலை மாமா கத்தரிக்கோலால் வெட்டமாட்டார். உள்ளே இருக்கும் காமிக்ஸ் அட்டையில் கீறல் விழுந்துவிடும் என்று ஒட்டுநாடாவை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். பிறகு ஜன்னலோரம் போய், மூலைகள் கூராக இருக்கின்றனவா, முதுகில் மடிப்பு விழுந்திருக்கிறதா, ஸ்டேப்ளர் பின் துருவேறியிருக்கிறதா என்று பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று தீர்ப்புச் சொல்வார். முதல் தரம் நேராக பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். அதை யாரும் பிரித்ததில்லை, அவர் உட்பட. "பட்டறைய உட்டு நின்னப்பறம் நிதானமாப் படிக்கோணும் மாப்ள" என்பார்.

என் அக்காவின் கணவர் அவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரி. ஐம்பது தாண்டியதும் சர்க்கரை கண்ணைப் பிடித்தது. சேலத்து ஆஸ்பத்திரிகளில் ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். கடைசியில் வெளிச்சமும் நிழலும்தான் மிஞ்சின. பட்டறைக்குப் போவது நின்றது. காமிக்ஸ் சந்தா மட்டும் நிற்கவில்லை. சனிக்கிழமைதோறும் ஆத்தூர் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு முடித்து, இரண்டு பஸ் மாறிப் போய், அவருக்காக நான் தரம் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல, அவர் புத்தகத்தின் முதுகை விரலால் தடவிக்கொண்டிருப்பார்.

ஒரு ஐப்பசி மழையில் பார்சல் ஊறிப்போய் வந்தது. தாள்கள் நெளிந்து, அட்டை பாதி உரிந்திருந்தது.

"மூணாந் தரங்கூட இல்லீங்க மாமா. திருப்பி அனுப்பிடலாம்."

நெளிந்த தாள்களை விரலால் தடவிப் பார்த்தார். "எழுத்துத் தெரியுதா?"

"தெரியுதுங்க."

"அப்பப் படி."

படித்தேன். வசனம் சுலபம்; வசனமே இல்லாத பக்கங்கள்தான் பாடாய்ப் படுத்தின. எவன் எங்கே நிற்கிறான், பின்னால் மலையா மேகமா எல்லாம் சொல்லியாக வேண்டும். அலுப்பில் ஒரு படக் கட்டத்தைத் தாண்டினால், "குதிரைல வந்தவன் எங்க போனான்?" என்பார். அது முடிந்ததும் அலமாரியைத் திறக்கச் சொன்னார்.

"அதெல்லாம் முதல் தரமுங்க மாமா."

"ஆருக்கு வெச்சிருக்கறேன்? எடு."

நான்கைந்து வருடம் அப்படி ஓடியது. ஆறு நாள் ஆலை, சனி ராத்திரி தொண்டை கட்டும்வரை வாசிப்பு. ஒரு சனிக்கிழமையாவது சும்மா படுத்துக் கிடக்கமாட்டோமா என்று பஸ்ஸில் நின்றுகொண்டே ஏங்கியிருக்கிறேன். அலமாரி முழுவதையும் முடித்து, பிடித்தவற்றை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தபோது, போன பங்குனியில் மாமா போய்விட்டார்.

பழைய காமிக்ஸ் வாங்குகிற ஒருவரை அக்கா வரவழைத்தாள். அவர் நாலைந்தைப் புரட்டிப் பார்த்து, "எல்லாமே கைபட்டுப் போச்சுங்களே. பிரிக்காம வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

"அவருக்குப் படிச்சுக் காட்டுனதுங்க" என்றாள் அக்கா. "பரவால்லீங்க, ஊட்டுலயே இருக்கட்டும்."

இப்போதும் சனிக்கிழமை போகிறேன். அக்கா சோறு போடுகிறாள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். யாரும் எழுப்புவதில்லை. தூக்கந்தான் வருவதில்லை.