தங்கராசுவின் பெயரை எழுதிய கை

ஒரு மனிதனின் பிழைப்பை நான் கெடுத்தேன். வாய் தவறி அன்று, கை தவறியும் அன்று. பேனாவை மையில் தோய்த்து, நிதானமாக அவன் பெயரை எழுதிக் கெடுத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் மன்னிப்பீர்கள் என்றா? இல்லை... மன்னிக்க வேண்டியவர் நீங்கள் அல்லவே!

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருச்சிராப்பள்ளியில் வரி ஆபீஸ் ஒன்றில் நான் குமாஸ்தா, வீடு ஸ்ரீரங்கத்தில். பிற்பகல் டிபனுக்குத் தெப்பக்குளத்துப் பக்கமிருந்த ஓர் ஓட்டலுக்குப் போவேன். அங்கே சர்வராக இருந்தவன்தான் தங்கராசு. உப்பிலியபுரத்துக்காரன், முப்பது வயதிருக்கும். ஒரு கையில் நான்கு தட்டுகளை அடுக்கிக்கொண்டு, மறுகையில் காபியுடன், ஓயாமல் பேசிக்கொண்டே மேஜைகளின் நடுவே புகுந்து வருவான். அவன் பேச்சைக் கேட்பதற்கென்றே அந்த வரிசையில் போய் உட்காருபவர்கள் உண்டு.

எழுந்திருக்கும்போது டம்ளருக்கடியில் அரையணா வைப்பேன். இனாம்! எல்லோரும் வைப்பதில்லை, வைத்தே ஆக வேண்டும் என்ற விதியும் இல்லை. வைத்தவனுக்கு மறுநாள் தோசை சற்று முறுகலாக வரும், அவ்வளவுதான். அந்த அரையணாவை வைக்கும் நொடியில் எனக்கு எத்தனை பெருமிதம் என்கிறீர்கள்! ஏதோ ஜமீனையே எழுதிக் கொடுப்பவன் போல...

எங்கே வேலை என்று அவன் ஒருமுறை கேட்டபோது, கலெக்டர் ஆபீஸ் என்றேன். வரி ஆபீஸ் என்றால் கேட்பவர் முகம் சுருங்கிவிடும். அது ஒரு பொய் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.

கூட்டமில்லாத ஒரு பிற்பகல். "வரும்படி எல்லாம் எப்படி, தங்கராசு?" என்று கேட்டேன். வெறும் பேச்சுக்குத்தான் கேட்டேன். இதையாவது நம்புங்கள்.

"முதலாளி குடுக்கிற சம்பளம் வெத்திலை பாக்குக்குத்தான் சார் ஆகும். இனாம்தான் வீட்டுல சோறு போடுது. பத்துப் பேரு சாப்பிட்டா ரெண்டு பேரு அரையணா வைப்பாங்க. அப்படியும் பாருங்க, தினம் ஒண்ணரை ரூபா சேர்ந்துடுது!" குரலைத் தாழ்த்திக்கொண்டு சிரித்தான். "இதுக்கும் சர்க்கார் வரி கேக்குமா சார்?"

"உனக்கெல்லாம் ஏது வரி! அதற்கு எவ்வளவோ சம்பாதிக்க வேண்டும்" என்று நானும் சிரித்தேன்.

உண்மைதான். சட்டம் அவனைத் தொடாது. ஆனால், பத்துக்கு இரண்டு பேர்... ஒன்றரை ரூபாய்... அப்படியானால் அவன் ஒருவன் மட்டுமே நாளொன்றுக்கு இருநூறு பேருக்கு மேல் பரிமாறுகிறான்! அங்கே ஐந்து சர்வர்கள். முதலாளியோ, நாள் முழுதும் வருகிறவர்களே முந்நூறு பேர்தான் என்று எங்கள் ஆபீஸில் எழுதிக் கொடுத்திருந்தார். ஆபீஸ் திரும்பும் வழியில் என் கால்கள் தரையில் பாவவில்லை.

அதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினேன். "விசாரித்ததில் தெரிகிறது" என்று எழுதியிருந்தால் போதும். அதுவே முறையும்கூட. நான் என்ன எழுதினேன் தெரியுமா? "மேற்படி ஓட்டல் சர்வர் தங்கராசு என்பவன் நேரில் சொன்னபடி" என்று எழுதினேன்! குறிப்புக்குக் கனம் வேண்டும். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும். காலியாக இருந்த தலைமை குமாஸ்தா இடம் எனக்கு வேண்டும். இத்தனை வேண்டும்களுக்கு நடுவில் அவனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி ஒருமுறையாவது எழுந்ததா? எழவில்லை. அதுதான் இன்றும் என்னைத் திகைக்க வைக்கிறது.

முதலாளியை வரவழைத்தார்கள். அவர் மறுத்தார். அதிகாரி என் குறிப்பையே எடுத்து அவர் முன் நீட்டிவிட்டார்!

மறுநாள் ஓட்டலில் வேறொருவர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். தங்கராசு எங்கே என்றேன். "துரத்திட்டாங்க சார். முதலாளி டம்ளரைத் தூக்கி எறிஞ்சதுல நெத்தி உடைஞ்சு போச்சு. இனி ஊர்ல எந்த ஓட்டல்லயும் அவனைச் சேர்க்க மாட்டாங்க."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். ஆயினும் தட்டில் இருந்ததை மிச்சமில்லாமல் தின்றேன். வழக்கம்போல அரையணாவும் வைத்தேன். எப்படி முடிந்தது என்னால்!

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தேன். தங்கராசு! நெற்றியில் துணிக்கட்டு. விசாரித்துக்கொண்டு காவேரிப் பாலத்தைக் கடந்து நடந்தே வந்திருக்கிறான். தெரிந்துவிட்டது, கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

அவன் கைகூப்பினான்.

"படிச்சவங்கன்னு எனக்கு உங்களை மட்டுந்தான் சார் தெரியும். நான் யாருகிட்டயோ கணக்கைச் சொல்லிட்டேன்னு முதலாளி நினைக்கிறாரு. பேர் போட்டு எழுதியிருந்ததைக் கண்ணால பார்த்தேங்கிறாரு. நான் எந்த வரி ஆபீஸ்காரரையும் பார்த்ததில்லை, பேசினதில்லைன்னு முதலாளிக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க சார். சாமி சத்தியமா அதுதான் நிஜம்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான்தானப்பா அது என்று ஒரு வார்த்தை! என் மனைவி அவனுக்குக் காபி கொடுத்தாள். நான் காகிதத்தை எடுத்தேன். அவன் சொல்லச் சொல்ல, எந்தக் கை அவனைக் காட்டிக்கொடுத்ததோ அதே கையால் எழுதினேன்... அவன் கட்டைவிரலில் மை தடவி அடியில் ரேகையும் வைக்கச் செய்தேன்.

புறப்படும்போது மடியிலிருந்து ஓரணாவை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"என்னப்பா இது?"

"வெச்சுக்குங்க சார். நீங்க எனக்கு எவ்வளவு நாளா வெச்சிருக்கீங்க!"

மறுத்தால் சந்தேகப்படுவானோ என்று பயந்தேன். எடுத்துக்கொண்டேன். ஆம், எடுத்துக்கொண்டேன்!

நான்கு நாள் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனேன். ஓட்டல் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இரண்டு காகிதங்கள் அருகருகே விரிந்து கிடந்தன. ஒன்று என் குறிப்பு. மற்றது அந்த மனு. கதவோரம், முதலாளி கூட்டிவந்த தங்கராசு நின்றிருந்தான்.

"ரெண்டும் ஒரே கை எழுதினது. உங்க ஆபீஸ் ஆள்தான் இவனுக்கு மனுவும் எழுதிக் குடுக்கிறாரா?" என்று முதலாளி கேட்டார். 

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். தங்கராசு சிரிக்கவில்லை. அவன் பார்வை காகிதத்திலிருந்து என் கைக்கு வந்தது, கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. 

"சார்... நீங்களா?"

அவ்வளவுதான் கேட்டான். வசவில்லை, சாபமில்லை. அந்த முகத்தில் கோபம்கூட வர மறந்துபோயிருந்தது. நான் குனிந்து காகிதங்களைப் பார்த்தேன்.

முதலாளி எழுந்தார். "பார்த்ததே இல்லைன்னு ரேகை வெச்சியே, இப்ப என்ன சொல்றே?" என்று அவனிடம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். வாயாடி என்று வேலையை இழந்தவன், என் மனுவினால் பொய்யனும் ஆனான்.

எனக்குத் தலைமை குமாஸ்தா இடம் கிடைத்தது. அந்த ஓரணாவைக் கோயில் உண்டியலில் போட்டேன். போட்டால் போய்விடுமா?

இரண்டு வருஷம் கழித்து, உறையூரில் உடன் வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் வாளியோடு வந்தவனை ஏறிட்டுப் பார்த்தேன். தங்கராசு! தலை பாதி நரைத்திருந்தது. மற்ற சர்வர்கள் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் வாய் திறக்கவில்லை. என் இலையிலும் மற்றவர்களுக்குப் போலவே நிறையப் பரிமாறினான்.

வீட்டுக்காரர் வந்து என் தோளைத் தொட்டுக்கொண்டு அவனிடம் கேட்டார். "என்னப்பா, சாரைத் தெரியுமா உனக்கு? எங்க ஆபீஸ்ல பெரிய உத்தியோகம்!"

தங்கராசு நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். 

"தெரியாதுங்க. நான் யாருகிட்டயும் பேச்சு வெச்சுக்கிறதில்லைங்க" என்றான்.

அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான். நான் கூப்பிட்டிருக்கலாம். பந்தி முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்துவிட்டேன்.