பாய் கடைக்கு எதிர்சந்து

எங்கள் திருவொற்றியூர் சந்தில் வீட்டு எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தவர் இதுவரை யாரும் இல்லை. பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, நடுவில் யாரோ வந்து கதவில் பெயின்டால் அடித்துவிட்டுப் போன எண் ஒன்று. அதனால் சிலிண்டர் கொண்டு வருபவரிலிருந்து பெண் பார்க்க வருபவர்கள் வரை எல்லாருக்கும் நாங்கள் கொடுக்கும் முகவரி ஒன்றுதான்: பாய் ஹார்ட்வேர் கடைக்கு எதிர்சந்து.

அந்தப் பாயிடமிருந்து தப்பிப்பதற்காகவே நான் ஆன்லைனில் ஸ்பானர் செட் வாங்கினேன். வாங்கும்போது முகவரியில் அடையாளமாகப் பாய் கடையையே போட்டேன். சாராயம் வாங்கப் போகிறவன் மாமனாரிடம் வழி கேட்ட மாதிரி.

பாய் நல்ல மனிதர். ஆனால் எந்தச் சாமான் கேட்டாலும் "எதுக்கு?" என்பார். ஓர் ஆணி கேட்டால் மாட்டப் போவது காலண்டரா சாமி படமா, சுவர் சிமெண்டா சுண்ணாம்பா, அடிக்கப் போவது நீயா, விவரம் தெரிந்த ஆளா என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் அவர் கை டப்பாவுக்குள் போகும். ஒருமுறை ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். மிக்ஸிக்கு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். கண்ணாடி அலமாரியிலிருந்து மஞ்சளும் கறுப்புமாகப் பிடி போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் பால் வாங்கப் போனால், பூத் அம்மா மிக்ஸி ஓடுகிறதா என்று விசாரிக்கிறார். ஸ்க்ரூ டிரைவரின் முனை மழுங்கி, ஸ்க்ரூவின் தலையும் மழுங்கி, மிக்ஸி நிரந்தரமாக மௌனமாகிவிட்டிருந்தது. புது மிக்ஸி வரும்வரை என் மனைவி கீழ்வீட்டு அக்காவின் அம்மியில்தான் சட்னி அரைத்தாள். அரைத்த நேரமெல்லாம் என்னைத்தான் நினைத்துக்கொண்டாள் என்பது சட்னியின் காரத்தில் தெரிந்தது.

செல்போன் "எதுக்கு?" என்று கேட்காது. அதுதான் அதன் பெருமை. நான் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் எழுதுகிறவன். நாள் முழுக்க என்னைச் சுற்றி இரும்புதான். நான் தொடுவது பேனா. டிரெய்லருக்கு அடியில் படுத்து ஒரே திருகில் நட்டைக் கழற்றும் மெக்கானிக்குகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓர் ஆசை வளர்ந்திருந்தது. ஒரு சாப்பாட்டு வேளையில், தயிர் சாதக் கையோடு போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த ஸ்பானர் பெட்டி திரையில் வந்தது. நூற்றெட்டு பீஸ். எண்பது சதவீதத் தள்ளுபடி. படத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டையில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாங்கியவர்கள் எழுதியதையும் படித்தேன். படிக்காமல் வாங்குகிற ஆளா நான்? 'பார்க்க மிக நன்றாக உள்ளது, இன்னும் பயன்படுத்தவில்லை' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். நூற்றெட்டு என்றால் எங்கள் ஊர்க்காரனுக்கு அர்ச்சனை. அதற்கு மேல் ஏது யோசனை?

பெட்டியைக் கொண்டுவந்தவர் சந்து வாசலில் நின்று எண்களைப் பார்த்துக் குழம்பி, முகவரியில் இருந்தபடியே பாய் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வேலை முடிந்து வருகிறேன், பாய் கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். டீ கிளாஸ் என் பெட்டியின் மேல் இருந்தது. சரியாக அந்தத் தாடிக்காரன் முகத்தின் மேல்.

"இன்னா நைனா, பார்சல் வந்துகீது" என்றார். "இன்னாது உள்ள?"

பெட்டியின் நான்கு பக்கமும் ஸ்பானர் படம். நான் புத்தகம் என்றேன்.

"அதானே பாத்தேன். புத்தகம்தான் இம்மாங் கனம் கனக்கும்" என்று கிளாஸை எடுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். அந்த மரியாதை வீடு வரைக்கும் முதுகில் குத்திக்கொண்டே வந்தது.

எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனம். ஆறுக்கும் சேர்த்து முற்றத்தில் ஓர் அடிபம்பு. மெட்ரோ வாட்டர் லைனில் தண்ணீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், சாயங்காலம். வருகிற நேரத்தில் அடித்துப் பிடித்து வைத்தால் உண்டு. பம்புக்கு நேர் எதிர் வாசல் கீழ்வீட்டு அக்காவுடையது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். யார் எத்தனை குடம், யார் முதலில் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான் சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்பு நோஞ்சானாகிவிட்டது. உள்ளே இருக்கும் தோல் வாஷர் தேய்ந்து, பத்து அடிக்கு ஒரு சொம்பு என்று துப்பியது. மறுநாள் காலை அக்காவின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. முகத்துவாரக்குப்பத்திலிருந்து சொந்தக்காரர்கள் வேன் வைத்து வருகிறார்கள். சமையலுக்கும் குளியலுக்கும் சேர்த்து நான்கு டிரம் அன்று சாயங்காலமே நிரம்பியாக வேண்டும். பிளம்பருக்குப் போன் போடச் சொன்னார் அக்கா.

"பிளம்பர் எதுக்குக்கா? நம்மகிட்ட செட்டே கீது" என்றேன் நான், மாடிப்படியில் நின்றுகொண்டு.

என் மனைவி கண்ணால் செய்த சைகையைக் காம்பவுண்டே பார்த்தது. நான் மட்டும் பார்க்கவில்லை.

பம்பின் தலையை மூன்று போல்ட்டுகள் பிடித்திருந்தன. இரண்டு உடனே வந்துவிட்டன. அவை ஏற்கெனவே கைக்கு ஆடிக்கொண்டிருந்தன என்பதை நான் வெளியே சொல்லவில்லை. மூன்றாவதுதான் தகராறு. கடற்காற்று அடிக்கிற ஊரில் துருவும் நட்டும் கணவன் மனைவி மாதிரி, எவ்வளவு கசந்தாலும் பிரியாது. ஸ்பானரை மாட்டி அழுத்தினேன். ஸ்பானர் வாயைப் பிளந்தது. அடுத்த சைஸை எடுத்தேன். அதுவும் கொட்டாவி விட்டது. பிறகு ராட்செட். ஒரு பக்கம்தான் சுற்ற வேண்டிய சாமான், கிர்ர் கிர்ர் என்று இரண்டு பக்கமும் சுற்றியது, தேர்தல் நேரத்து வட்டச் செயலாளர் மாதிரி. செட்டோடு வந்த சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். சுத்தியலின் தலை கழன்று நேராக அக்காவின் காலி டிரம்முக்குள் விழுந்து மணி அடித்தது.

எல்லாம் முடிந்து பார்த்தால், ஆறு மூலையோடு இருந்த நட்டு லட்டு மாதிரி உருண்டையாகியிருந்தது. பம்பின் தலை ஒரு போல்ட்டில் சாய்ந்து தொங்கியது. முன்பு சொம்பாவது துப்பிய பம்பு இப்போது வெறும் காற்றை விட்டது.

அக்கா பிளம்பருக்குப் போன் போட்டார். அவர் பேசின் பிரிட்ஜில் ஒரு வேலையில் இருப்பதாகவும் ராத்திரிதான் வர முடியும் என்றும் சொல்லிவிட்டார். ராத்திரி தண்ணீர் நின்றிருக்கும்.

"நாளைக்கு எம் பொண்ணுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தணும்ப்பா" என்றார் அக்கா. "மஞ்சா கீது. தண்ணி?"

நான் பாய் கடைக்குப் போனேன். வேறு போக்கு? பெரிய ரெஞ்ச் வேண்டும் என்றேன். பாய் வழக்கம்போல் எதுக்கு என்றார். இந்த முறை ஒன்று விடாமல் சொன்னேன், சுத்தியல் தலை விழுந்த டிரம் உட்பட. அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பைக் நின்றது. அன்றைக்கு என் பெட்டியைக் கொண்டுவந்த அதே ஆள். பெரிய பார்சல் ஒன்றை இறக்கி, பாயின் போனில் வந்த எண்ணைக் கேட்டுத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாய் அவசரமாக அதை மேசைக்கு அடியில் தள்ளினார். ஆனால் தாடிக்காரனை எனக்குத் தெரியாதா? அதே சிரிப்பு. ஒன்றல்ல, ஒரே கட்டில் மூன்று பெட்டிகள், மூன்று தாடிகள்.

"எதுக்கு பாய்?" என்றேன்.

அவர் பெட்டிகளைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார். நான் மெதுவாகக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தேன். மஞ்சளும் கறுப்புமாக ஸ்க்ரூ டிரைவர்கள் வரிசையாகத் தொங்கின. என் வீட்டுப் பெட்டியில் இருப்பதும் அதே மஞ்சள், அதே கறுப்பு. என் மிக்ஸியின் ஆவி எனக்குள் எழுந்து நின்றது.

"இத பாரு நைனா" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. "வர்றவன்லாம் போனைக் காட்டி ஆன்லைன்ல இவ்ளோதான்றான். அந்த வெலைக்கு நா எங்க போவேன்? அதான் அங்கேர்ந்தே வாங்கி, பிரிச்சி, அவனுக்கே குடுக்கறேன். நீ பாட்டுக்கு வெளிய சொல்லிக்கினு திரியாத."

அப்புறம் என்ன, எங்களுக்குள் சட்டென்று ஒரு சகோதர பாசம் உண்டாகிவிட்டது. பாய் பாதி ஷட்டரை இறக்கினார். உத்திரத்தில் தொங்கிய ஒரு ரெஞ்சை இறக்கினார். கப்பல் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது, ஒரு முழ நீளம், விற்பனைக்கு இல்லை. ஒரு புது போல்ட், ஒரு தோல் வாஷர் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் கூப்பிடாமல் என்னோடு வந்தார்.

வந்தவர் ரெஞ்சை நட்டில் மாட்டி, "தள்ளு தள்ளு" என்று எல்லாரையும் விலக்கிவிட்டு அழுத்தினார். அசையவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி மறுபடி அழுத்தினார். லுங்கிதான் அசைந்தது. பிறகு நானும் சேர்ந்து தொங்கினேன். இரண்டு பேரும் ஒரே பஸ் கம்பியைப் பிடித்துப் போகிற பயணிகள் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தோம். குழாய்க்குள் தண்ணீர் வரும் உறுமல் கேட்க ஆரம்பித்தது.

அக்கா உள்ளே போனார். அம்மிக் குழவியோடு வந்தார்.

"கைய எடுங்க ரெண்டு பேரும்" என்றார்.

ரெஞ்சின் பிடியில் ஒரே போடு. போல்ட் பாதியில் ஒடிந்து, நட்டோடு தெறித்துச் சாக்கடைக்குள் போனது. பாயும் நானும் சிறிது நேரம் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாஷரை மாற்றிப் புது போல்ட்டைப் போட்டதும் பம்பு கனைத்து, தண்ணீரைக் கொட்டியது. நான்கு டிரம்மையும் யார் அடித்து நிரப்ப வேண்டும் என்று காம்பவுண்டில் யாரும் கேட்கவில்லை. குடங்களோடு ஓரமாக உட்கார்ந்து, நான் அடிப்பதைப் பார்த்தார்கள். என் மனைவி மாடியிலிருந்து, குனிந்து அடித்தால் இடுப்பு பிடிக்கும் என்று அன்பாகச் சொன்னாள். பாய், ரெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடி சரியாக விழுகிறதா என்று மேற்பார்வை பார்த்தார்.

மூன்றாவது டிரம் பாதி நிறைந்ததும் சாயப் பார்த்தது. முற்றத்துத் தரை அந்த இடத்தில் பள்ளம். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். படிக்கட்டில் திறந்தபடி கிடந்த என் நூற்றெட்டு பீஸ் பெட்டியை மூடி, காலால் தள்ளி, டிரம்முக்கு அடியில் செருகினார். டிரம் நேராக நின்றது.

"எவ்ளோ நைனா இது?" என்றார்.

நான் விலையைச் சொன்னேன்.

"பரவால்ல" என்றார் அக்கா. "செங்கல்லுதான் கொஞ்சம் வெல ஜாஸ்தி. அடி, அடி, நிறுத்தாத."